பெயரை மறைத்த பிறகு: வானியலில் பெண்களின் இடம்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை அடுத்து எந்தப் பக்கம் திருப்புவது என்பதை ஒரு தேர்வுக் குழு தீர்மானிக்கிறது. இந்த விண்மீனை, இந்த விண்மீன் மண்டலத்தை இத்தனை நேரம் பார்க்க வேண்டும் என்று உலகெங்கும் உள்ள வானியலாளர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம், சக வானியலாளர்களைக் கொண்டே அவற்றைத் தரம் பிரிக்கிறது. பத்துப் பன்னிரண்டு விண்ணப்பங்களில் ஒன்று தேறினால் பெரிது. தேறியவருக்குத் தரவு கிடைக்கிறது. தரவு கட்டுரையாகிறது, கட்டுரை வேலை வாங்கித் தருகிறது. இந்த வரிசையில் முன்னே நிற்பவர்கள்தாம் பெரும்பாலும் துறையில் நிலைக்கிறார்கள்.

2014-இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த நீல் ரீட் பதினோரு விண்ணப்பச் சுற்றுகளின் பழைய கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தார். ஆண்கள் தலைமையில் வந்த விண்ணப்பங்களில் எத்தனை தேறின, பெண்கள் தலைமையில் வந்தவற்றில் எத்தனை தேறின என்பதே கேள்வி. ஒவ்வொரு சுற்றிலும் ஆண்களின் விகிதமே கூடுதலாக இருந்தது. ஒரு சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் சிறியது, தற்செயல் என்று தள்ளிவிடலாம். தற்செயல் என்றால் ஓரிரு சுற்றிலாவது பெண்கள் முந்தியிருக்க வேண்டுமே. ஒன்றில்கூட முந்தவில்லை. தேர்வுக் குழுக்களில் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதலில் சில்லறை மாற்றங்கள் செய்து பார்த்தார்கள். முதல் பக்கத்தில் இருந்த பெயர் உள்பக்கத்துக்குப் போனது. முழுப் பெயருக்குப் பதிலாக முதலெழுத்து வந்தது. பலன் பெரிதாக இல்லை. 2018-இல், 26-ஆம் சுற்றில், பெயர்களை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். 'எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி' என்று எழுதி விண்ணப்பதாரர் தம்மைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. விவாதம் நடக்கும் அறையில், பேச்சு 'இது இன்னாருடைய குழுவாகத்தான் இருக்கும்' என்று திரும்பினால் அதை நிறுத்துவதற்கென்றே ஒருவர் அமர்த்தப்பட்டார். வந்த விண்ணப்பங்கள் 489. பெண்கள் தலைமை தாங்கியவற்றில் 8.7 சதவீதமும் ஆண்கள் தலைமை தாங்கியவற்றில் 8.0 சதவீதமும் தேறின.

ஒரு சுற்றில் வந்த 0.7 சதவீதப் புள்ளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பெண்களே மேல் என்று கொண்டாட ஒன்றுமில்லை. ஒரே பக்கமாக நீண்டுகொண்டிருந்த சாய்வு அற்றுப்போனது என்பதுதான் செய்தி. கூடவே எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. அதுவரை ஹபிளில் ஒருமுறைகூடத் தலைமை ஆய்வாளராக நேரம் பெறாத புதியவர்கள், ஆணும் பெண்ணுமாக, அதிக எண்ணிக்கையில் உள்ளே வந்தார்கள். பெரிய பெயர் மறைந்ததும் சிறிய இடங்களில் இருந்து எழுதியவர்களின் யோசனை கண்ணில் பட்டிருக்கிறது. பிறகு நாசா தன் மற்ற வானியற்பியல் தொலைநோக்கிகளுக்கும் இதே முறையைக் கொண்டுவந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நேரமும் இப்படித்தான் பங்கிடப்படுகிறது.

இதில் யாருடைய மனமும் மாற்றப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு எவரும் தன்னம்பிக்கைப் பயிற்சி அளிக்கவில்லை. தேர்வாளர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவும் இல்லை. நடைமுறையில் ஒரு விதி மாறியது, அவ்வளவே. வானியலில் பெண்களின் நூற்றைம்பது ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால், நிலைத்த முன்னேற்றம் எல்லாம் இப்படி ஏதோ ஒரு விதி மாறிய இடத்தில்தான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மாறாத விதிகள் இருந்த இடத்தில் எத்தனை மேதைகள் வந்தாலும், எத்தனை நல்ல மனிதர்கள் துணை நின்றாலும், அடுத்து வந்த பெண் மறுபடி முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

அதற்கு ஹார்வர்டைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1877 முதல் அங்கே வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த எட்வர்டு பிக்கரிங், விண்மீன்களின் ஒளிப்படத் தகடுகளை ஆராயப் பெண்களை வேலைக்கு எடுத்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து அவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த வில்லியமினா ஃபிளெமிங் 1881-இல் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1888-இல் எடுக்கப்பட்ட ஒரு தகட்டில், குதிரைத் தலை போன்ற கரிய மேகம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவரே. ஆனி ஜம்ப் கேனன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 3,50,000 விண்மீன்களை அவற்றின் நிறமாலையைப் பார்த்து வகைப்படுத்தினார். இன்று கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசை அவர் ஒழுங்குபடுத்தியது. ஹென்றியட்டா லீவிட் சிறு மெகல்லன் மேகத்தில் உள்ள 25 செபீட் மாறுவிண்மீன்களை எடுத்துக்கொண்டு, ஒளி ஏறி இறங்கும் காலம் நீள நீள அந்த விண்மீனின் உண்மையான பிரகாசமும் கூடுகிறது என்று 1912-இல் காட்டினார். அண்டவெளியில் வெகு தொலைவை அளக்க மனிதனுக்குக் கிடைத்த முதல் நம்பகமான அளவுகோல் அதுதான். எட்வின் ஹபிள் ஆந்திரமீடாவின் தூரத்தைக் கணக்கிட்டு, நம் பால்வெளிக்கு வெளியேயும் விண்மீன் மண்டலங்கள் உண்டு என்று நிறுவியது அந்த அளவுகோலை வைத்தே. லீவிட்டின் முடிவை அறிவித்த ஆய்வகச் சுற்றறிக்கையில் கையொப்பம் இட்டவர் பிக்கரிங். அறிக்கையைத் தயாரித்தவர் மிஸ் லீவிட் என்று முதல் வரியில் எழுதும் நேர்மை அவருக்கு இருந்தது.

பிக்கரிங்கைத் திட்டுவது எளிது. அவர் காலத்தில் வேறு எந்த ஆய்வகமும் இத்தனை பெண்களை எடுக்கவில்லை, அவர்கள் செய்த வேலையை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் அவர் கொடுத்தது வேலை மட்டுமே, ஏணி அல்ல. மணிக்கு 25 சென்ட் அளவில் கூலி. என்ன ஆராய்வது என்பதை அந்தப் பெண்கள் தீர்மானிக்க முடியாது. ஃபிளெமிங் 1900-இல் எழுதிய நாட்குறிப்பில் தனக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், ஆண் உதவியாளர்களுக்கு 2,500 டாலர் என்ற கணக்கும், வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் தன் பாடும், சம்பளத்தைப் பற்றிப் பேசினாலே வாய் அடைக்கப்படும் கசப்பும் இருக்கின்றன. கேனனுக்கு ஹார்வர்டு முறையான பதவி அளித்தது 1938-இல். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தலைமுறையில் வந்தவர் சிசிலியா பெய்ன். கேம்பிரிட்ஜில் படித்தார், ஆனால் பட்டம் பெறவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்கத் தொடங்கியதே 1948-இல்தான். 1923-இல் அமெரிக்கா சென்று, 1925-இல் முனைவர் ஆய்வேட்டில் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கணக்கிட்டுக் காட்டினார். விண்மீன்களும் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனவையே என்று எல்லோரும் நம்பிய காலம் அது. துறையின் பெரியவரான ஹென்றி நாரிஸ் ரசல் அது நடக்கவே முடியாதது என்றார். பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே அந்த முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று ஒரு வரி சேர்க்க வேண்டி வந்தது. 1929-இல் ரசல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பெய்னின் வேலையை அவர் குறிப்பிடத்தான் செய்தார், இருந்தாலும் பெயர் பல காலம் ரசலோடே ஒட்டிக்கொண்டது. பெய்ன் ஹார்வர்டில் பாடம் நடத்தினார், ஆனால் 1945 வரை அவருடைய பாடங்கள் பல்கலைக்கழகப் பட்டியலில் அச்சாகவில்லை. அவர் சம்பளம் ஆய்வகத்தின் கருவிச் செலவுக் கணக்கில் எழுதப்பட்டது. 1956-இல் அவர் முழுப் பேராசிரியராகி, வானியல் துறைத் தலைவரும் ஆனார். முனைவர் பட்டத்துக்கும் அந்த நாளுக்கும் இடையில் 31 ஆண்டுகள் இருந்தன. அவரை ஆதரித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆய்வக இயக்குநர் ஹார்லோ ஷாப்லி துணை நின்றார். பல்கலைக்கழகத் தலைவரோ தாம் இருக்கும்வரை ஒரு பெண்ணுக்கும் பதவி கிடையாது என்று உறுதியாக இருந்தார். நல்ல வழிகாட்டி ஒருவரின் கை எட்டும் தூரம் அவ்வளவுதான்.

தொலைநோக்கிக்கே போக முடியாத கதை தனி. இங்கிலாந்தின் மார்கரெட் பர்பிட்ஜ், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் பணிபுரிய வழிசெய்யும் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தபோது, அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை என்று மறுக்கப்பட்டார். 1955-இல் அந்த நிதியை வாங்கியவர் அவர் கணவர் ஜெஃப்ரி. ஜெஃப்ரி கோட்பாட்டு ஆய்வாளர், இரவில் வானை நோக்கும் வேலை மனைவியுடையது. ஏட்டில் கணவர் ஆய்வாளராகவும் மனைவி உதவியாளராகவும் இருந்தார்கள், மலைமேல் வேலை நேர்மாறாக நடந்தது. ஆய்வாளர்கள் தங்கும் விடுதிக்குப் பெயரே 'மடாலயம்'. அதில் பெண்ணுக்கு இடம் இல்லாததால் தம்பதி தனியே ஒரு சிறு குடிலில் தங்கினார்கள். இந்த ஏற்பாட்டில் சேர்ந்த தரவும் உதவ, விண்மீன்களின் உள்ளே தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கும் புகழ்பெற்ற கட்டுரை 1957-இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர் மார்கரெட்.

வேரா ரூபின் 1965-இல் பாலமர் ஆய்வகத்தில் முறைப்படி நோக்க அனுமதி பெற்ற முதல் பெண். கழிப்பறைக் கதவில் இருந்த ஆண் உருவத்துக்குக் காகிதத்தில் பாவாடை வெட்டி ஒட்டி, இதோ பெண்கள் கழிப்பறை என்று அவர் சொன்ன கதை வானியலாளர்களிடையே பிரசித்தம். சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கதை இல்லை இது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது அதுவரை அனுமதி மறுக்க ஒரு காரணமாகவே சொல்லப்பட்டு வந்தது. வகுப்பறையும் அப்படித்தான் மூடியிருந்தது: பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வானியல் முதுகலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1975-இல்தான். ஆந்திரமீடாவின் வெளிப்புற விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்கின்றன என்று காட்டி, கரும்பொருள் என்ற புதிரைத் துறையின் நடுவே கொண்டுவந்து வைத்த ரூபினின் பெயர் இன்று சிலியில் உள்ள 8.4 மீட்டர் தொலைநோக்கி ஆய்வகத்துக்கு இருக்கிறது. அதன் முதல் படங்கள் 2025 ஜூனில் வெளியாயின.

வாசலில் பெண்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதி வைத்த விதிகளை எதிர்ப்பது ஒருவகையில் சுலபம். பெண் என்ற சொல்லே இல்லாத விதிகள்தான் கூடுதல் சேதம் செய்திருக்கின்றன. கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது அதில் ஒன்று. உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்க வந்த விதி, நியாயமான நோக்கம். நடைமுறையில் வேலை கணவனுக்குப் போகும், மனைவி சம்பளம் இல்லாமல் ஆய்வு செய்வார் என்பதே அதன் பொருளாயிற்று. 1963-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற மரியா கோப்பர்ட் மேயர் அப்படிப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். நியூசிலாந்தின் பீட்ரிஸ் டின்ஸ்லி, விண்மீன் மண்டலங்கள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்ற ஆய்வுக்கே அடித்தளம் இட்டவர். கணவரின் வேலைக்காக டல்லாஸில் வாழ்ந்த அவருக்கு அங்கே நிலையான பதவி கிடைக்கவில்லை. புதிய வானியல் துறை ஒன்றை எப்படி அமைப்பது என்று திட்டம் தீட்டித் தரச் சொன்னார்கள், தலைவர் பதவிக்கு மட்டும் அவரைக் கருதவில்லை. 1974-இல் மணமுறிவு. பிள்ளைகளை விட்டுப் பிரிந்து யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1978-இல் பேராசிரியர். 1981-இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு நாற்பது வயது.

பெண் என்ற சொல் இல்லாத விதிக்கு நம் பக்கத்தில் சான்று தேடினால், சென்னைக்கே வர வேண்டும். பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்து 1939-இல் பி.எஸ்சி. ஆனர்ஸ் பெற்றார். அடுத்த ஆண்டு உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் எழுதினார். அந்நிறுவனத்தின் ஆய்வுகளுக்கு அப்போது பட்டம் அளித்தது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்சி. பட்டம் இல்லாதவருக்கு முனைவர் பட்டம் தர இயலாது என்று அது சொல்லிவிட்டது. பட்டம் இல்லாமலே லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் புணேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, நாட்டின் வானிலைக் கருவிகளையே தரப்படுத்திக் கொடுத்து, துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வுபெற்றார். அந்த விதி ஆண்களுக்கும் பொருந்தும் என்று யாரேனும் வாதிடலாம். பொருந்தும்தான். ஆனால் விதியைச் சற்றே வளைத்துக் கொடுக்க யாருக்காக யார் பேசுவார்கள் என்பது அந்த நாளில் இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அதே நிறுவனத்தில் சேர வந்த கமலா சோஹோனியைப் பெண் என்பதற்காக 1933-இல் ராமன் முதலில் மறுத்ததும், ஓராண்டு சோதனைக்குப் பின்பே முறையாக ஏற்றுக்கொண்டதும் பதிவாகியிருக்கின்றன.

அண்டக் கதிர்களைத் தகடுகளில் பிடித்த வங்காளத்தின் விபா சௌத்ரியை வானியலின் ஓரத்திலாவது சேர்க்க வேண்டும். டி. எம். போஸுடன் 1940-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், பின்னர் செசில் பவல் 1950-இல் நோபல் பெற்ற துகள் கண்டுபிடிப்பின் அருகில் வந்து நின்றவை. போர்க்காலத்தில் நல்ல தகடு கிடைக்காமல் வேலை நின்றது. பிறகு டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர். 1991-இல் இறக்கும்வரை பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 2019-இல் ஒரு விண்மீனுக்கு விபா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைய இந்தியாவில் நிலைமை வினோதமானது. அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களில் பட்டம் பெறுவோரில் பெண்கள் 43 சதவீதம் அளவில் இருக்கிறார்கள். பணக்கார நாடுகள் பலவற்றைவிட இது கூடுதல். ஆசிரியர் பதவிக்கு வரும்போது ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் பெண். அறிவியலில் ஆர்வம் ஊட்ட வேண்டும் என்று பள்ளிச் சிறுமிகளுக்கு முகாம் நடத்துவதில் தவறில்லை. ஆனால் ஓட்டை அங்கே இல்லை. படித்து முடித்து, முனைவர் பட்டமும் வாங்கியவர்கள் எங்கே போனார்கள்?

இதைக் கேட்டு 2010-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் பேசப்பட வேண்டியது. அனிதா குரூப், ரோஹிணி கோட்போலே உள்ளிட்டோர் இந்திய அறிவியல் கழகத்துக்காகவும் தேசிய உயர்நிலை ஆய்வு நிறுவனத்துக்காகவும் செய்தது. முனைவர் பட்டம் பெற்றும் ஆய்வில் இல்லாத பெண்களிடமே காரணம் கேட்டார்கள். குடும்பம், குழந்தை என்ற பதில்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர்கள் முதன்மையாகச் சொன்னது வேலை கிடைக்கவில்லை என்பதே. பெண்கள் குடும்பத்துக்காக விலகுகிறார்கள் என்ற எண்ணம் ஆண் விஞ்ஞானிகளிடம்தான் வலுவாக இருந்தது. தேர்வுக் குழுவில் உட்காருபவர் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. கணவர் என்ன செய்கிறார், குழந்தை எப்போது என்று நேர்காணலில் கேட்கப்பட்ட கதைகளை நம் ஊர் ஆய்வு மாணவிகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கோட்போலேயும் ராம் ராமசாமியும் தொகுத்து 2008-இல் வந்த 'லீலாவதியின் புதல்விகள்' நூலில் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் நூறு பேரளவில் தம் வாழ்வைச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் அறிவியல் எழுதுபவர்கள் சாதனையாளர் வரிசைகளுக்குச் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை அதற்கும் ஒதுக்கலாம்.

சாதனையாளர் வரிசை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது, பட்டுப்புடவையும் பூவுமாக மகிழும் பெண்களின் படம் உலகம் சுற்றியது. படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. திட்டத்தில் பெண் விஞ்ஞானிகள் பலர் இருந்ததும் உண்மை, கட்டுப்பாட்டு அறையில் வேலையாக இருந்ததால் அவர்கள் அந்தப் படத்தில் விழவில்லை. சந்திரயான்-2 திட்ட இயக்குநர் சென்னையின் வனிதா முத்தையா. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்த நிகர் ஷாஜி. அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்த, தமிழ்வழியில் படித்த கலைச்செல்வி 2022-இல் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின் முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனார். கொடைக்கானல், காவலூர் ஆய்வகங்களை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு 2019-இல் அன்னபூரணி சுப்பிரமணியம் இயக்குநராக வந்தார். நம் நாளிதழ்கள் இவர்களை 'சாதனைத் தமிழச்சி' என்று ஒருநாள் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். இஸ்ரோவின் தலைவர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண்கூட உட்காரவில்லை என்பதையும் அதே பக்கத்தில் ஒரு மூலையில் போடலாம்.

ஒதுக்கீடு, தனி விருது, தனித் திட்டம் ஆகியவை பற்றித் துறையில் கருத்து ஒன்றாக இல்லை. பெண்களுக்கென்று மட்டும் வழங்கப்பட்ட ஆனி ஜம்ப் கேனன் விருதை 1971-இல் மார்கரெட் பர்பிட்ஜ் மறுத்தார். பெண் என்பதற்காக ஒதுக்குவது தவறு என்றால் பெண் என்பதற்காகக் கொடுப்பதும் தவறுதான் என்பது அவர் நிலை. அதன் விளைவாக அமெரிக்க வானியல் சங்கம் துறையில் பெண்களின் நிலையை ஆராயக் குழு அமைத்தது. 1972-இல் அவர் கிரீனிச் அரச ஆய்வகத்தின் இயக்குநரானபோது, அதுவரை அந்தப் பதவியோடு சேர்ந்தே வந்த அரச வானியலாளர் பட்டம் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு ஓர் ஆணுக்குப் போனது. 1675-இல் தொடங்கிய அந்தப் பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, மிஷேல் டோஹர்ட்டிக்கு, வழங்கப்பட்டது 2025 ஜூலையில்.

பர்பிட்ஜின் தன்மானம் மதிக்கத்தக்கது. ஆனாலும் இன்றைய இந்தியச் சூழலுக்கு அவர் நிலையை அப்படியே எடுத்துவர முடியாது என்று நினைக்கிறேன். இங்கே தனித் திட்டங்களின் குறை அவை தனியாக இருப்பது அல்ல, தற்காலிகமாக இருப்பது. மத்திய அறிவியல் துறை 2002-03-இல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம், இடையில் வேலையை விட்டவர்கள் ஆய்வுக்குத் திரும்ப மூன்று ஆண்டு அளவில் நிதி தந்தது. ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்றார்கள். மூன்றாண்டு முடிந்தபின்? நிலையான பணியிடத்துக்கான விளம்பரத்தில் வயது வரம்பு இருக்கிறது. மறுகரையே கட்டப்படாத பாலத்தின் பாதியில் கொண்டுபோய் நிறுத்துவதுபோல் ஆகிவிடுகிறது.

வயது வரம்பும் பெண் என்ற சொல் இல்லாத விதிதான். வானியலில் முனைவர் பட்டம் முடிக்க இருபத்தெட்டு, முப்பது வயது ஆகிவிடும். பிறகு வெளிநாட்டில் ஒன்றோ இரண்டோ முதுமுனைவர் பணிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆண்டு, ஒவ்வொன்றும் வேறு ஊர், பெரும்பாலும் வேறு நாடு. முப்பத்தைந்தில் திரும்பிவந்து இந்திய நிறுவனங்களின் கதவைத் தட்ட வேண்டும். திருமணம், குழந்தை, மாமியார் வீட்டின் கேள்விகள் எல்லாம் வந்து குவிவதும் இதே ஏழெட்டு ஆண்டுகளில்தான். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது 1958-இல் தொடங்கியது. 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அது. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அதைப் பெற்றிருக்கிறார்கள், பெண்கள் இருபது பேரளவில். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறது. வயதைப் பார்ப்பதில்லை, முனைவர் பட்டத்துக்குப் பிந்திய ஆண்டுகளைத்தான் எண்ணுகிறது. அதிலும் குழந்தை பெற்ற தாய்க்கு ஒவ்வொரு குழந்தைக்கும் பதினெட்டு மாதம் சேர்த்துக் கொடுக்கிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2016-இல் ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் மகப்பேற்று விடுப்பும், ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் கொண்டுவந்தது. நல்ல விதி. மாணவியாக இருக்கும்வரை காக்கும் விதி.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. 2015-இல் அமெரிக்காவில் புறக்கோள் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவர் மாணவிகளிடம் பல ஆண்டுகள் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பல்கலைக்கழக விசாரணையே கண்டறிந்திருந்தது. செய்தி வெளியே வந்த பிறகுதான் அவர் பதவி விலகினார். 2017-இல் வானியலாளர், கோளியலாளர் 474 பேரிடம் நடத்திய ஆய்வில், வெள்ளையரல்லாத பெண்களில் 40 சதவீதத்தினர் தம் பாலினம் காரணமாகவும் 28 சதவீதத்தினர் தம் இனம் காரணமாகவும் பணியிடத்தில் பாதுகாப்பற்று உணர்ந்ததாகச் சொன்னார்கள். இந்த இரண்டாவது எண் நமக்கும் உரியது. இங்கே இனத்தின் இடத்தில் சாதி இருக்கிறது. பெண்களை மட்டும் எண்ணிவிட்டு எந்தப் பெண்கள் என்று கேட்காவிட்டால், நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியும் பேராசிரியர் அப்பாவும் கொண்ட பெண்களின் எண்ணிக்கை உயர்வதையே சமத்துவம் என்று எழுதிக்கொள்வோம்.

1997-இன் விசாகா தீர்ப்பிலிருந்து வளர்ந்த, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியது. குழு இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் பெயர்களும் இருக்கும். ஆய்வு மாணவியின் சிக்கல் வேறு. ஐந்தாறு ஆண்டுகள் ஒரே வழிகாட்டியின் கீழ் இருக்க வேண்டும். கட்டுரையில் பெயர், மாநாட்டுப் பயணம், கடைசியில் வேலைக்கான பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே கையில். வழிகாட்டியை மாற்றிக்கொள்ளத் தண்டனையில்லாத வழி இருக்கும் இடத்தில்தான் புகார் கொடுக்கத் துணிவு வரும். இந்திய வானியல் சங்கத்தின் பாலினச் சமத்துவப் பணிக்குழுவும், வானியற்பியலாளர் பிரஜ்வல் சாஸ்திரி போன்றோர் முன்னின்று நடத்திய இந்திய இயற்பியல் சங்கத்தின் பணிக்குழுவும், இயற்பியலில் பாலினச் சமத்துவம் கோரி 2019-இல் வெளிவந்த ஹைதராபாத் சாசனமும் பெண்களைத் திருத்துவதை விட்டு நிறுவனங்களைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கின்றன. மத்திய அரசு 2020-இல் கதி என்ற பெயரில் தொடங்கிய திட்டம், முப்பது நிறுவனங்கள் தங்களையே சோதித்துக்கொள்ளும் முதல் முயற்சி. கல்வி நிறுவனங்களின் பாலினச் சமத்துவத்தை மதிப்பிடும் பிரிட்டனின் அத்தீனா ஸ்வான் முறையை ஒட்டியது.

ஹபிளில் பலித்த வழிக்கும் எல்லை உண்டு. ஒரு யோசனையை எழுதியவரின் பெயரை மறைக்கலாம், வேலைக்கு வருபவரை மறைக்க முடியாது. ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016-இல் வந்த கட்டுரை, பெண்கள் தலைமையில் 16 சதவீதமும் ஆண்கள் தலைமையில் 22 சதவீதமும் தேறுவதாகக் கண்டது. மூத்த பதவிகளில் ஆண்களே மிகுதி என்பதும் அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்று அதே கட்டுரை சொல்கிறது. ஆகவே எல்லாம் பணி நியமனத்தில் போய்த்தான் முடிகிறது.

நியமனத்தில் கைவைத்துப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. போகிற போக்கில் போனால், உச்சப் பதவிகளில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டவே அறுபது ஆண்டுகள் ஆகும் என்று வானியற்பியலாளர் லிசா கியூலி 2021-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் தலைமையில் நடந்த ஆஸ்ட்ரோ 3டி ஆய்வு மையம் தன் தேர்வுக் குழுக்களையும் குறும்பட்டியலையும் ஆண், பெண் சரிபாதியாக வைத்துக்கொள்ளும் விதியோடு இயங்கி, ஐந்தாண்டுகளில் மையத்தில் பெண்களின் பங்கைப் பாதிக்குக் கொண்டுவந்தது. தகுதி குறைந்துவிடும் என்று எழுந்த பேச்சு அந்த மையத்தின் கட்டுரைகளுக்கு முன்னால் நிற்கவில்லை. ஆனால் அது 2017-இல் தொடங்கி ஏழாண்டுக்கென நிதி பெற்ற மையம். அங்கே பயின்ற இளம் பெண்கள் இப்போது நிலையான பணியிடம் தேடுகிறார்கள். அந்த இடங்கள் மையத்தின் கையில் இல்லை, பல்கலைக்கழகங்களின் கையில் இருக்கின்றன. அங்கே விதிகள் பழையவை.